குடைக்கம்பி

சித்திரை பிறந்து நாலாவது நாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஒரு வீட்டு வாசல் ஓரத்துச் செம்பருத்திகள் மூன்றும் இலையைத் தொங்கப் போட்டு நின்றன. பார்க்கவே பாவமாக இருந்தது. ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்த கறுப்பு ஹோஸை எடுத்து முதல் செடியின் தூரில் பிடித்தேன்.

"எலே, நிறுத்து."

வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த இன்னொரு ஹோஸைக் குழாயில் மாட்டிவிட்டு, "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்த மறுகணம் கையை உதறிக்கொண்டு பின்னால் போனேன். காப்பி போட வைத்த வெந்நீர் தோற்றுவிடும்.

"ஒனக்குச் சுட்டுது, உதறிட்ட. அது எதை உதறும்?"

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அதே வாசலுக்குக் கூட்டிப்போனார். நான் தண்ணீர் விடாத இரண்டு செம்பருத்தியும் தானாகவே நிமிர்ந்து நின்றன. யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. நான் ஊற்றிய செடி மட்டும் இன்னும் தொய்ந்து கிடந்தது. இரண்டு நாளில் அதன் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தோட்ட வேலையில் நான் படித்த முதல் பாடம் இது. அதைப் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

நான் விசைத்தறிக்காரன். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெருவில் வளர்ந்தவர்கள் குறைவு. பதினேழு வயதில் அப்பாவோடு தறியில் நின்றேன். இருபத்தாறில் தறிகளை எடைக்குப் போட்டோம். சும்மா வீட்டில் இருந்தவனை, அம்மாவுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமான இந்த அண்ணாச்சியிடம் அனுப்பினார்கள். ஊருக்குக் கிழக்கே அவருக்கு முப்பது சென்ட் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. மீதி நேரத்தில் ஊருக்குள் ஏழெட்டு வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்கிறார். வயது அறுபத்தெட்டு. மம்பட்டி, களைகொத்தி, கவாத்துக் கத்தரி, இவற்றோடு சைக்கிள் கம்பியில் கட்டிய ஒரு பழைய குடைக்கம்பி. அதுதான் அவர் ஆயுதசாலை.

தறியில் நின்றவனுக்குக் கை சும்மா இருந்தால் பயம் வரும். தறி நின்றால் கூலி நின்றது. இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். அந்தக் கையோடுதான் தோட்டத்துக்கு வந்தேன். வாடிய செடி என் கண்ணுக்கு அறுந்த இழை மாதிரி. பார்த்ததும் கை குழாய்க்குப் போய்விடும்.

"இலை மத்தியானம் வாடுதது தாகத்துல இல்லல" என்று அண்ணாச்சி சொன்னபோது நம்பவில்லை. பிறகு அவரே பிரித்துச் சொன்னார். உச்சி வெயிலில் இலை வழியாக நீர் ஆவியாகப் போகும் வேகத்துக்கு வேரால் மண்ணிலிருந்து இழுத்துக் கொடுக்க முடிவதில்லை. மண்ணில் ஈரம் நிறையவே இருந்தாலும் அந்த நேரத்து வரவு செலவு சரிக்கட்டாது. இலை தொங்கிவிட்டால் வெயில் நேராக விழும் பரப்பு குறையும், செலவும் குறையும். பொழுது சாய்ந்ததும் கணக்கு நேராகிவிடும். சாயங்காலமும் நிமிரவில்லை, மறுநாள் விடியற்காலையிலும் தொங்கியே நிற்கிறது என்றால்தான் அது தாகம்.

"அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கது?"

சைக்கிளில் இருந்து குடைக்கம்பியை உருவித் தந்தார்.

அந்தக் கம்பி ஒன்றரை அடி இருக்கும். துணி போன குடையில் இருந்து எடுத்தது. ஒரு முனையை வளைத்துக் கைப்பிடி செய்து சணல் சுற்றியிருந்தார். செடியின் தூரில் இருந்து ஒரு சாண் தள்ளி அதை மண்ணில் இறக்க வேண்டும். அழுத்தக் கூடாது, உள்ளங்கை எடை மட்டும்தான். ஈரம் இருக்கிற வரைக்கும் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும். காய்ந்த மண் வந்ததும் நிற்கும். எங்கே நின்றதோ அங்கே பெருவிரலை வைத்து வெளியே இழுத்துப் பார்த்தால், ஈரம் எத்தனை விரல் ஆழம் என்று தெரிந்துவிடும். கம்பியை மூக்கருகே கொண்டுபோய் முகரவும் சொன்னார். மழை விழுந்த மண் வாசனை என்றால் சரி. சாக்கடை வாசனை அடித்தால் உள்ளே வேர் அழுகுகிறது.

அந்த இரண்டாவது வாசனை எனக்குச் சீக்கிரமே பழக்கமானது. கரிசல் மண் போட்ட ஒரு பாத்தியில் பன்னீர் ரோஜா ஒன்று இருந்தது. சோர்ந்து நின்றது, ஊற்றினேன். இன்னும் சோர்ந்தது, இன்னும் ஊற்றினேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பத்தாம் நாள் அண்ணாச்சி அதைப் பிடுங்கிக் கையில் தந்தார். வேர் கறுத்துப் போய், தோலைத் தொட்டால் உரிந்து வந்தது. தண்ணீர் நிறைந்த மண்ணில் காற்று இருக்காது. காற்று இல்லாத வேர் வேலை செய்யாது. வேலை செய்யாத வேரால் நீர் இழுக்க முடியாமல் இலை வாடும். காய்ந்து வாடுகிற செடியும் மூழ்கி வாடுகிற செடியும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். இரண்டையும் பிரித்துச் சொல்வது அந்தக் கம்பிதான்.

எங்கள் ஊரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். மேற்கே போகப் போகச் செவல், கிழக்கே போகப் போகக் கரிசல். ஊருக்குள் வீடு கட்டுகிறவர்கள் லாரியில் எந்த மண் வந்ததோ அதைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு மண்ணும் இருக்கும். செவல் மண் தண்ணீரைக் குடித்த வேகத்தில் கீழே இறக்கிவிடும். கரிசல் குடிக்க நேரமெடுக்கும், குடித்தால் விடாது. ஆனால் காய்ந்துவிட்டால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு மெல்லிய வேர்களை அறுக்கும். வெடிப்பின் இரண்டு சுவர் வழியாகவும் அடி ஈரம் ஆவியாகும். அதனால் வெடிப்பு விழத் தொடங்கும்போதே மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குக் கொத்திப் புழுதியாக்கிவிட வேண்டும். புழுதி போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். மானாவாரிச் சம்சாரிகள் காலம் காலமாகச் செய்கிற வேலை. நான் அதை ஒரு பல்மருத்துவர் வீட்டு ரோஜாப் பாத்தியில் படித்தேன்.

ஊற்றும் முறைக்கு அண்ணாச்சியிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "ஊத்துனா அடி வரைக்கும் ஊத்து. இல்லன்னா ஊத்தாத." தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே படரும். மேல் மண்தான் முதலில் கொதிக்கும், முதலில் காயும். நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு முழம் ஆழம் இறங்க ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். நேரம் விடியற்காலை. தூரை ஒட்டி ஊற்றக் கூடாது. நீரை உறிஞ்சுகிற வேர் நுனிகள் கிளை விரிந்திருக்கும் எல்லைக்கு நேர் கீழே இருக்கும், வட்டப்பாத்தியை அங்கேதான் வெட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணாச்சியோடு எனக்குத் தகராறு. வெயிலில் இலை மேல் தண்ணீர் தெளித்தால் சொட்டுச் சொட்டாக நின்று பூதக்கண்ணாடி மாதிரி இலையை எரித்துவிடும் என்பார். போனில் தேடினேன். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். வழவழப்பான இலையில் சொட்டு தட்டையாக ஒட்டிக்கொள்வதால் வெயில் குவிகிற புள்ளி இலைக்கு மேல் விழுவதில்லை, அதனால் எரிவதில்லை. ரோமம் அடர்ந்த இலையில் சொட்டு தூக்கி நின்றால் மட்டும் எரிய வாய்ப்புண்டு. இதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒரு குரோட்டன்ஸ் இலையைத் திருப்பிக் காட்டினார். மேலே வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். "அப்போ இது என்னல?"

உப்பு. எங்கள் போர்த் தண்ணீர் இலையில் காய்ந்தால் மிஞ்சுவது. அவர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன வேலை சரி. இப்போது இருவரும் இலையில் தெளிப்பதில்லை.

உப்பு என்றதும் இன்னொன்று. ஒரு வீட்டில் அத்தனை தொட்டிச் செடிகளுக்கும் இலை விளிம்பு மட்டும் தீய்த்த மாதிரி பழுப்பாகிக்கொண்டே வந்தது. கம்பி இறங்குகிறது, வாசனை நல்ல வாசனை, பூச்சி இல்லை. இரண்டு வாரம் முழித்தோம். கடைசியில் அந்த வீட்டு அக்கா, "தண்ணியை நாங்க வேஸ்ட் பண்றதே இல்ல, ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போறதத்தான் புடிச்சு ஊத்துதோம்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அந்த மெஷின் குடிநீரில் இருந்து பிரித்த உப்பு முழுவதும் வெளியே போகிற அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னோம். ஏ.சி.யில் இருந்து சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட் வைத்துப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றச் சொன்னோம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பில்லாதது. தொட்டி மண்ணில் ஏற்கெனவே சேர்ந்த உப்பை, அடி ஓட்டை வழியாக வழியும் வரை நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவினோம். அடுத்த தளிர் சுத்தமாக வந்தது.

அந்தக் கோடையில் என்னை ரொம்பச் சோதித்தது ஒரு புல்தரை.

வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் வீட்டு முன்னால் கொரியன் புல் போட்டிருந்தார். இருபதுக்கு இருபத்தைந்து அடி. காலையும் மாலையும் ஸ்பிரிங்க்ளர் பத்து நிமிஷம் சுற்றும். ஆனாலும் திட்டுத் திட்டாக நிறம் மங்கியது. அண்ணாச்சி வந்து புல்லின் மேல் ஒரு நடை நடந்தார். திரும்பிப் பார்த்தார். கால் தடம் அப்படியே பதிந்து கிடந்தது. தாகம் இல்லாத புல் மிதித்ததும் எழுந்துவிடும். தாகம் எடுத்தால் எழாது, பச்சை போய்ச் சாம்பல் கலந்த நீலம் ஏறும்.

பிறகு பத்துச் சிரட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் புல்லில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்தார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் நடுவில் இருந்த சிரட்டைகளில் கொஞ்சம் தண்ணீர், மூலைச் சிரட்டைகளில் நாக்கு நனையக்கூட இல்லை. சிரட்டை அடியில் குறுகுவதால் உயரம் அளக்க முடியாது என்று, அடுத்த முறை நான் நேர்ச்சுவர் உள்ள பழைய டப்பாக்களை வைத்து ஸ்கேலால் அளந்தேன். நடுவிலேயே மூன்று மில்லிமீட்டர்தான். அது புல்லின் தலையை நனைத்ததோடு சரி, வேருக்குப் போகவில்லை.

டப்பாவில் அளப்பதில் ஒரு சௌகரியம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். அந்தப் புல்தரை சுமார் 46 சதுர மீட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் கொடுப்பதென்றால் 1,150 லிட்டர். அண்ணாச்சிக்கு லிட்டரில் சொன்னால் உறைக்காது. "எழுபத்தஞ்சு குடத்துக்கு மேல, அண்ணாச்சி" என்றேன். தெருக்குழாய் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே குடங்கள் வரிசையில் இருந்தன, தண்ணீர் இன்னும் வரவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.

அதிலும் நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். அந்த வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. புல் சீராக இருக்கட்டும் என்று மெஷினைத் தாழ்த்தி வைத்து மழுங்க வெட்டிவிட்டேன். அன்றைக்குப் பார்க்கக் கம்பளம் மாதிரி இருந்தது. நாலாம் நாள் வைக்கோல். புல்லின் நிழல்தான் புல் வேருக்குக் குடை. கோடையில் அதை எடுக்கவே கூடாது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது, இரண்டு விரற்கடையாவது நிற்க வேண்டும், வெட்டிய துணுக்குகளை அள்ளாமல் அங்கேயே உதிர விட வேண்டும். இதெல்லாம் வெட்டிய பிறகு தெரிந்துகொண்டவை.

பயந்து போய் யூரியா வாங்கி வந்தேன். அண்ணாச்சி பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "தூங்குத பிள்ளைய எழுப்பிச் சோறு ஊட்டுவியா?" கொதிக்கிற மண்ணில் உப்புரம் போட்டால் வேர் தீயும். தப்பித்தவறித் தளிர்த்தாலும் அந்தத் தளிரை நனைக்கத் தண்ணீர் ஏது? புல் பழுப்பானால் செத்ததாக அர்த்தமில்லை. அடித்தண்டில் உயிரை வைத்துக்கொண்டு இலையை விட்டுக்கொடுத்திருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அடித்தண்டு காயாமல் மட்டும் நனைத்தால் போதும்.

அந்தப் பழுப்புத் தரையின் மேற்கு ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் பச்சையாக இருந்தது. யாரும் நடாமல் தானாக வந்த அருகம்புல். அதைக் களை என்று முந்தின மாதம்தான் நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். மிச்சம் இருந்த வேரில் இருந்து மறுபடி வந்திருக்கிறது. "பிள்ளையாருக்குப் போடுத புல்லு. நம்ம மண்ணும் நம்ம வெயிலும் அதுக்குத் தெரியும்" என்றார் அண்ணாச்சி. வெயில் நேராக விழும் பாதியை அருகம்புல்லுக்கே விட்டுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவருக்கு மனசில்லை. அமெரிக்காவில் லாஸ் வேகஸ் பக்கம் பாலைவனத்தில் வெறும் அழகுக்குப் போட்ட புல்தரைகளை எடுக்கச் சொல்லி நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே போட்டிருக்கிறது என்று போனில் காட்டினேன். நாங்கள் சொன்னதைவிட நெவாடா சொன்னது அவருக்குச் சரியாகப் பட்டது.

மல்லிகைத் தோட்டம் வேறு உலகம். ஊரில் எல்லாச் செடியும் துவளும்போது குண்டுமல்லி மட்டும் பங்குனி, சித்திரையில்தான் குலுங்கிப் பூக்கும். கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, இலையெல்லாம் உருவிவிட்டு, எரு வைத்து மண் அணைத்தால் மாசிக் கடைசியில் மொட்டு வரத் தொடங்கும். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டாகவே பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மொட்டின் எடையும் குறையும், மார்க்கெட்டில் முகமும் வாடும். கோடையில் எல்லார் தோட்டமும் பூப்பதால் விலை விழுந்து கிடக்கும். மார்கழிப் பனியில் பூ இல்லாதபோது விலை உச்சாணிக்குப் போகும். பூ இருந்தால் விலை இல்லை, விலை இருந்தால் பூ இல்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

அங்கே நான் செய்த கூத்து கந்தகம். மல்லி இலைகள் ஊசி குத்தினது மாதிரி வெளிறின. அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினார். தாளில் தூசி விழுந்தது. உற்றுப் பார்த்தால் தூசி நடந்தது. செஞ்சிலந்தி. காய்ந்த வெயிலும் புழுதியும் அதற்குக் கொண்டாட்டம். சாலையோர வரிசைகளில்தான் முதலில் வரும். செஞ்சிலந்திக்குக் கந்தகம் அடிப்பார்கள் என்று கேட்டிருந்தேன். அவரிடம் கேட்காமல் ஒன்பது மணி வெயிலில் அடித்துவிட்டேன். வெயில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் கந்தகமே இலையைப் பொசுக்கும் என்பது மூன்றாம் நாள் இரண்டு வரிசை கருகிய பிறகு தெரிந்தது. இப்போது அறிகுறி தெரிந்த உடனே, விடிகாலையில் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறோம். மல்லி மெல்லிய இலை, வெயிலுக்கு முன் உலர்ந்துவிடும், கிணற்றுத் தண்ணீரில் உப்பும் குறைவு. மீறிப் போனால் சாயங்காலம் வேப்பெண்ணெயும் சோப்பும்.

மே 28 வாக்கில் கத்திரி வெயில் முடிந்தது. அப்பாடா என்று சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார்.

2019 நவம்பரில் திருநெல்வேலியில் இருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தபோது நாங்களும் தென்காசியோடு போனோம். குற்றாலச் சாரல்தான் எங்களோடு வரவில்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வெறும் கையோடு வருகிற காற்றுதான் எங்களுக்கு. நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அருவியில் குளிக்கிறார்கள். இந்தப் பக்கம் காற்றாலை இறக்கைகள் ராப்பகலாகச் சுற்றுகின்றன. வெயில் குறைந்திருக்கும், வானத்தில் மேகம்கூட ஓடும். ஆனால் அந்தக் காற்று இலையைத் தொட்டுத் தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். கயிற்றில் போட்ட துணி நிழலிலேயே அரை மணியில் காய்கிறது என்றால் செடிக்கு எப்படி இருக்கும்? கத்திரியைத் தாண்டிய செடிகள் ஆனியில் என் கண் முன்னால் காய்ந்தன. வெயிலுக்கென்று பச்சை வலையைத் தலைக்கு மேல் கட்டியிருந்தேன். காற்று பக்கவாட்டில் வந்தது.

அண்ணாச்சி பனை ஓலைகளை வெட்டி வந்து தொட்டி வரிசைகளுக்கு மேற்கே தட்டி கட்டினார். நெருக்கமாகக் கட்டாமல் இடைவெளி விட்டு. முழுச் சுவராக மறைத்தால் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று அடிக்கும், வடிகட்டி விட்டால் வேகம் மட்டும் குறையும். தனித்தனியாக நின்ற தொட்டிகளைச் சேர்த்து வைத்தார். ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்கு ஈரம் என்றார். கோயிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. ஊரே கோமதி அம்மனின் தவத்தைப் பார்க்கத் திரண்டு கொண்டிருக்க, நான் ஓலைத் தட்டிகளுக்குப் பின்னால் குடைக்கம்பியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷக் கணக்கு: செத்தவை பதினொரு செடி. அதில் தண்ணீர் இல்லாமல் செத்தது இரண்டு. மிச்சம் ஒன்பதும் என் கையால்.

ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை வந்தது. காலையில் பனி, பாத்தியெல்லாம் ஈரம், ஊரில் யாருக்கும் தோட்ட ஞாபகம் இல்லை. அப்போதுதான் அண்ணாச்சி என்னை நாள் முழுக்க வேலை வாங்கத் தொடங்கினார்.

முதல் வேலை பொங்கலுக்குக் கழித்த பழைய மண்பானைகளைச் சேகரிப்பது. அடுப்பில் ஏறிய பானை ஆகாது, கரியும் எண்ணெயும் துளையை அடைத்திருக்கும். தண்ணீர் வைத்த பானைதான் வேண்டும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். விடிந்ததும் தாள் நனைந்திருந்தால் பானை தேறியது. அதைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, நிரப்பி மூடிவிட்டால், மண் காய்கிற அளவுக்கு மட்டும் பானை கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். சீனத்தில் ஃபான் ஷெங்ஜி என்பவர் கிமு முதல் நூற்றாண்டிலேயே இந்த வேலையை எழுதி வைத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு அது அவருடைய ஆச்சி பூசணிக்குச் செய்த வேலை.

அடுத்தது மூடாக்கு. தேங்காய்க் கதம்பையை வாங்கி வந்து நார்ப்பக்கம் கீழே பார்க்க, மேடான பக்கம் மேலே இருக்கும்படி நெருக்கி அடுக்கினோம். அதன் மேல் வேப்பஞ்சருகும் காய்ந்த புல்லும் நாலு விரல் கனம். தூரைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. மண் ஈரமாக இருக்கும்போதே மூட வேண்டும். சித்திரையில் மூடினால் சூட்டைத்தான் மூடுவோம். நான் முந்தின வருஷம் அதைத்தான் செய்திருந்தேன்.

மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டமானது. தண்ணீர் விடும் நாட்களை மெல்ல மெல்லத் தள்ளிப்போடுவது. தையில் மூன்று நாளைக்கு ஒருமுறை, மாசித் தொடக்கத்தில் நாலு, மாசிக் கடைசியில் ஐந்து. ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிடக் கொஞ்சம் ஆழமாக. இதமான பருவத்தில் கொஞ்சம் தாகத்தைக் காட்டினால் வேர் கீழே போய் இடம் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு காட்டினால் அதற்கு வேர்விட நேரம் இருக்காது. செடி லேசாகச் சோர்ந்து நிற்கும், அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். என் கை குழாய்க்குப் போகும். "கம்பி என்ன சொல்லுது?" என்பார். இறக்கிப் பார்ப்பேன். ஒரு சாணுக்குக் கீழேயும் ஈரம் இருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். தறியில் எட்டு மணி நேரம் நின்றபோதுகூட இந்த அளவுக்குக் களைத்ததில்லை.

இரண்டாவது சித்திரையில் நான் பார்த்துக்கொண்ட நாலு வீடுகளில் ஒரு செடி செத்தது. அதுவும் ஆடு கடித்து. வளைகுடாக்காரர் வீட்டில் பாதித் தரை அருகம்புல். மறுபாதிக் கொரியன் புல் பழுத்துக் கிடந்தது. அதை எழுப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. வைகாசியில் ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கோடை மழை முக்கால் மணி நேரம் கொட்டியது. எட்டாம் நாள் போனபோது பழுப்புக்கு அடியில் இருந்து பச்சை முளைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் நடந்து பார்த்துத் திரும்பினேன். தடம் பதியவில்லை.

வாசல் செம்பருத்தி மூன்றும், அன்று நான் வெந்நீர் ஊற்றியது உட்பட, இப்போதும் இருக்கின்றன. மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் இலையைத் தொங்கப் போட்டு நிற்கும். நான் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்துவிடுகிறேன்.

இந்தத் தையில் அண்ணாச்சி எனக்கென்று ஒரு குடைக்கம்பி கொடுத்தார். சணல் சுற்றாதது, நானே சுற்றிக்கொண்டேன். வேலை பார்க்கும் வீடுகளுக்கெல்லாம் போய், இப்போதே மூடாக்குப் போடலாம், பானை புதைக்கலாம் என்று சொன்னேன். பாதிப் பேர், "இப்பத்தான் பச்சப்பசேல்னு இருக்கே" என்று சிரித்தார்கள். சித்திரை பிறந்ததும் போன் அடிக்கத் தொடங்கியது. அண்ணாச்சி தன் போனை எடுப்பதே இல்லை. வேப்பமரத்தடியில் துண்டை விரித்தபடி, "தையில கூப்பிட்டிருந்தா எடுத்திருப்பேன்" என்கிறார்.

நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் வேலை படியவில்லை.